நண்டு மாமி வீட்டு நீலக் கதவு

கார்ட்டூனுக்குக் குரல் கொடுப்பதென்றால் மைக்குக்கு முன்னால் நின்று கீச்சுக்குரலில் கத்துவதுதானே என்று கேட்பவர்களை, சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தி, மெத்தை அடித்த அறைக்குள் போட்டுப் பூட்டிவைக்க வேண்டும். பிள்ளைகள் ரீவியை விட்டு எழும்பாததால் சோறு ஆறிப்போன வீடுகளின் தாய்மாரே, செக்பொயின்ற் வரிசையில் வெயில் குடித்தவர்களே, இது உங்களுக்காக எழுதுவது. மற்றவர்களுக்கு விளங்காது.

ஏச்சுக்குக் கிடைத்த வேலை

சமாதான காலம் என்று பெயர் வைத்திருந்தார்களே, அப்போது நடந்தது. மட்டக்களப்பு ரவுணில் வாவியைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் பக்கத்து மாடிவீட்டைக் கொழும்பு நிறுவனம் ஒன்று வாடகைக்கு எடுத்தது. வாவிக்குள் குடியிருக்கும் ஒரு நண்டுக் குடும்பத்தின் பகிடிக் கதையை அங்கே வைத்துப் படமாய்க் கீறி, குரல் போட்டு, ரீவிக்கு அனுப்பப் போகிறார்களாம். நண்டுகள் தமிழில் பேசும், கீழே சிங்கள எழுத்து ஓடும். இரண்டு சனமும் ஒன்றாய்ச் சிரித்தால் சண்டை நின்றுவிடும் என்று எந்த வெள்ளைக்காரனோ நம்பிக் காசும் அனுப்பியிருந்தான்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது அவர்களுடைய ஜெனரேற்றர் புகை என் குசினி யன்னலுக்குள் வருகிறது என்பது மட்டும்தான். பொரிச்ச மீனில் டீசல் மணத்தது. சட்டியைக் கையில் பிடித்தபடியே மாடிக்கு ஏறி, அங்கே நின்ற எல்லாருக்கும் அவரவர் தாய் தகப்பன் வளர்த்த விதத்தையும் சேர்த்துச் சொன்னேன். ரமணன் என்ற ஒல்லியான பொடியன்தான் டிரெக்டர். மன்னிப்புக் கேட்பான் என்று பார்த்தால், ஒரு மைக்கை நீட்டிக்கொண்டு வருகிறான்.

"அக்கா, இதையே இன்னொருக்கா, கொஞ்சம் கிட்ட நின்று ஏசுவீங்களா?"

ஹெலிக்கு லீவு இல்லை

அப்படி நான் நண்டு மாமி ஆனேன். கார்ட்டூனில் முதலில் குரலைப் பிடிப்பார்கள், பிறகுதான் வாயைக் கீறுவார்கள். குரலைப் பிடிக்கும் அறையில் யன்னலெல்லாம் கம்பளி. ஃபேன் போடக்கூடாது, சத்தம் வருமாம். வியர்வையைத் துடைக்கவும் கூடாது, சேலை சரசரக்குமாம். இத்தனையும் பொறுத்துக்கொண்டு நான் வாயைத் திறந்தால், மீன் லொறிக்காரன் ஹோர்ன் அடிப்பான். அவன் போனால் கோயில் ஒலிபெருக்கி. அதுவும் ஓய்ந்தால் தலைக்கு மேலே ஹெலி. சமாதானம் வந்து எல்லாருக்கும் ஓய்வு, ஹெலிக்கு மட்டும் லீவு இல்லை.

ஒருநாள் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்து, ஆறாவதோ ஏழாவதோ முறை சரியாய் வரும் நேரம் அந்த இரும்புத் தும்பி மறுபடியும் வந்தது. நான் கூரையைப் பார்த்துச் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஒலிப்பதிவுகாரன் ஜூட் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினான்.

"அன்ரி, ஹெலிட சத்தத்தைக் கூட அழிச்சிரலாம். நீங்க ஹெலிக்கு ஏசினதுதான் அழிய மாட்டன் எண்டுது."

யார் வீட்டிலிருந்து யார் போவது?

கதை வசனம் கொழும்பில் எழுதி வரும். எழுதியவர் வாவியைப் படத்திலாவது பார்த்தாரோ தெரியாது. மூன்றாவது பகுதியில் நண்டு மாமாவுக்குக் கோபம் வருகிறது. மாமியைப் பார்த்து, "இது என் வீடு, வெளியே போ!" என்கிறார். மாமி அழுதபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போகிறாள். நான் கடதாசியை மேசையில் வைத்துவிட்டேன். எந்தத் தாய்வீடு? இந்தப் பக்கத்தில் மகளுக்குக் கலியாணம் என்றால் வீட்டை மகள் பேருக்கு எழுதிவைப்பார்கள். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வருவார். மாமி நிற்கிற வீடே அவளுடைய தாய்வீடுதான். கொழும்பில் அது யாருக்கும் தெரியாதாம். "சும்மா பகிடிதானே அக்கா," என்கிறான் ரமணன். எந்தப் பகிடி? ஊர்ச்சனம் எல்லாம் இருந்து பார்க்கிற பெட்டிக்குள், ஒருத்தியை அவளுடைய சொந்த வீட்டிலிருந்தே துரத்துவது பகிடியா?

சாப்பாட்டுக்குக் கூப்பிட என்னைக் கட்டின மனிசன் படியேறி வந்தார். ரமணன் அவரைத் தன் பக்கம் சேர்க்கப் பார்த்தான். "அண்ணன், நீங்களே சொல்லுங்க. சண்டை வந்தா வெளிய போ எண்டு ஒரு கோவத்துக்குச் சொல்ல மாட்டீங்களா?" மனிசன் சுற்றுமுற்றும் பார்த்தார், என்னையும் ஒருதரம் பார்த்தார்.

"நான் எப்பிடித் தம்பி சொல்லுறது? நானே அவட வீட்டிலதானே இரிக்கன்."

நண்டுக்கு ஏற்ற வீடு

படம் கீறியது மல்லிகா. பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிப்பவள், பாடசாலை முடிந்து நேரே இங்கே வருவாள். நண்டு மாமியின் வீட்டை அவள்தான் கீறினாள். ஓட்டுக்கூரை, நீலக் கதவு, வாசலில் ஒரு ஜம்பு மரம், குசினிப் பக்கம் கிணறு. பார்த்தால் உள்ளே போய் இருந்து தேத்தண்ணி குடிக்கலாம் போலிருக்கும். கொழும்பிலிருந்து செய்தி வந்தது: வீடு பொருந்தாதாம். இந்தப் பக்கத்துச் சனம் மண் குடிசையில் இருப்பதாகக் காட்டினால்தான் காசு தருபவர்களுக்கு மனம் இரங்குமாம். வாய்க்கு வந்ததை நான் சொல்லத் தொடங்க, மல்லிகா கையால் என்னை மறித்தாள்.

அவள் கீறியிருந்தது அவளுடைய சொந்த வீடு. ரவுணுக்கு வடக்கே, கிரான் பக்கம், ஊர்ப்பேர் வேண்டாம். கலியாணத்துக்குத் தாய் கொடுத்தது. பிள்ளை கைக்குழந்தையாய் இருக்கும்போது ஒரு மத்தியானம் ஓடிவந்தவர்கள், பிறகு திரும்பிப் போக முடியவில்லை. ஊரைச் சுற்றி முட்கம்பி அடித்து ஆமி காம்ப் போட்டாயிற்று, வீடு கம்பிக்கு உள்ளே. சமாதானம் வந்தால் விடுவார்கள் என்று இருந்தாள். சமாதானம் வந்தது, வீடு வரவில்லை. மகளுக்கு இப்போது பள்ளிக்கூட வயது, தன் வீட்டைக் கண்டதே இல்லை. அவள் ஒருதரமாவது பார்க்கட்டும் என்றுதான் ஒவ்வொரு ஓடாய்க் கீறியிருக்கிறாள். இதை ரமணனிடம் சொன்னபோது அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாய்ப் போயிற்று. மல்லிகா பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னாள்.

"குடிசைதான் வேணுமெண்டா, நான் இப்ப வாடகைக்கு இரிக்கிற இடத்தைக் கீறித் தாறன் தம்பி. ஆனா அதுக்க நண்டு இரிக்காது."

ரசிகப் பெருமக்கள்

வீடு அப்படியே நின்றது. ரமணன் கொழும்போடு சண்டை பிடித்தான் என்று ஜூட் சொன்னான், நான் நம்பவில்லை, பிறகு நம்பினேன். முதல் பகுதி ஒளிபரப்பான சனிக்கிழமை பின்னேரம் எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. ஆறு மாதம் வியர்த்ததை நானே பார்க்கவில்லை. ஆனால் பார்த்தவர்கள் என்னைச் சும்மா விடவில்லை. சந்தையில் ஒருத்தி, தன் மாமியாரைப் பார்த்துத்தான் நான் பேசிப் பழகினேன் என்று சண்டைக்கு வந்தாள். பிள்ளைகள் ஏச்சுப் பழகுகிறார்கள் என்று ஒரு வாத்தியார் பத்திரிகைக்கு எழுதினார். அவருடைய வகுப்பில் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த ஏச்சை நான் அறிவேன்.

எனக்குப் பேச்சும் ஒழுங்கும் படிப்பித்த கன்னியாஸ்திரி, இப்போது கண்பார்வை குறைந்த சிஸ்டர், ஞாயிறு பூசை முடிந்து என் கையைப் பிடித்து ஓரமாய்க் கூட்டிப்போனார். ஏசப்போகிறார் என்று தெரியும். கொன்வென்ற்றில் படித்த பிள்ளை ஒரு நண்டாய் நின்று புருசனைக் கிழிப்பதா? நானும் பதிலைத் தயாராய் வைத்திருந்தேன். சிஸ்டர் என் கையைத் தட்டினார்.

"நீ ஏசினதெல்லாம் பாவம் பிள்ளை. ஆனா ஒவ்வொரு சொல்லும் வகுப்பில கடைசி வாங்கில இரிக்கிற பிள்ளைக்கும் கேக்கும்."

கொக்கு யார்?

ஒரு பகுதியில் தோணித்துறையில் ஒரு கொக்கு நின்று, போகிற வருகிற மீனையெல்லாம் மறித்து, எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்று கேட்கும். மாமியை நேராய் நடக்கச் சொல்லும். அவள் நண்டு, எப்படி நடப்பாள்? அவ்வளவுதான் பகிடி. ரீவிக்காரர் கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்தார்கள்: கொக்கு என்று யாரைச் சொல்கிறீர்கள்? அடுத்த நாள் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து அதே கேள்வியைக் கேட்டார்கள்.

பாருங்கள், மறித்து நின்று கேள்வி கேட்கிற கொக்கைக் கண்டதும் ஆளாளுக்குத் தங்கள் முகம்தான் என்று தெரிந்திருக்கிறது! எனக்கு வாய் துறுதுறுத்தது. ரமணன் எனக்கு முன்னால் வந்து நின்றதால் அடக்கிக்கொண்டேன், அந்தக் கோபம் இன்றைக்கும் நெஞ்சுக்குள் கிடக்கிறது. மூத்தவன் படிவரை போய்த் திரும்பினான்.

"கொக்கை வெட்டிருங்க. மாமியில கை வைக்காதீங்க, எங்கட அம்மா பாக்கிறவ."

செக்பொயின்ற்றில் ஒரு விசிறி

சின்னப்பிள்ளைகளின் குரல் தேவை என்று தேற்றாத்தீவுக்குப் போனோம், நானும் மல்லிகாவும். வரும்போது செக்பொயின்ற்றில் பஸ்ஸால் இறக்கி நடக்கவிட்டார்கள். வரிசை நகரவில்லை. ஒரு கர்ப்பிணிப் பெண்ணையும் வெயிலில் நிறுத்தியிருந்தார்கள், நான் வாயைத் திறந்தேன். ஐசி அட்டை பார்த்துக்கொண்டிருந்த ஆமிப் பொடியன் சட்டென்று நிமிர்ந்தான். "கக்குளுவா!" என்றான். சிங்களத்தில் நண்டு. பல் முழுக்கச் சிரிப்பு. மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினான். கர்ப்பிணிப் பெண்ணை முதலில் போகவிட்டான். காம்பில் எல்லாரும் சனிக்கிழமை பார்ப்பார்களாம், நான் ஏசுவதைக் கேட்டால் ஊரில் அம்மாவின் நினைவு வருமாம்.

பிறகு உடைந்த தமிழில் சொன்னான்: "அந்த வீடு, நீலக் கதவு, நான் தெரியும். நம்ம காம்ப் உள்ளுக்கு. முந்தி நான் அங்க டியூட்டி." என் பின்னால் நின்ற மல்லிகா முன்னுக்கு வந்தாள். சத்தமே இல்லாமல் கேட்டாள்: "வீடு இரிக்கா?" பொடியன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். யாருடைய வீடு என்று அவனுக்கு அந்த இடத்தில்தான் விளங்கியிருக்க வேண்டும். சிரிப்பு நின்றது. எங்கள் ஐசி இரண்டையும் இரண்டு கையாலும் திருப்பித் தந்தான்.

"மரம் வெட்டினது. கதவு பங்கர் குழிக்கு மேல போட்டது. டிவியில நல்லா இருக்கு, அம்மா."

கடைசிப் பகுதி

கொழும்பு எழுதிய கடைசிப் பகுதியில் வெள்ளம் வந்து மாமியின் வீட்டைக் கொண்டுபோகிறது. மாமி சிரித்தபடி, "போனது போகட்டும், எல்லாரும் சேர்ந்து புதுசாய்க் கட்டுவோம்" என்று சொல்ல வேண்டும். மல்லிகா அந்தப் படத்தைக் கீற மாட்டேன் என்றாள். நான் அந்த வசனத்தைச் சொல்ல மாட்டேன் என்றேன். போனது ஏன் போகட்டும்? யார் கொண்டுபோனது என்று தெரியும்போது? ரமணன் எழும்பி அறைக்கதவைச் சாத்தினான். "அக்கா, நீங்க உங்கட வாயில வாறதைச் சொல்லுங்க. மிஸ், நீங்க அதைக் கீறுங்க," என்றான். வாவி முழுக்க அலைந்தாள் மாமி. கூரை ஓட்டில் படுத்திருந்த மீன், கிணற்று வாளியில் குடியிருந்த இறால், வெட்டச் சொல்லியும் திரும்பி வந்து கதவைக் கட்டிலாய்ப் போட்டுத் தூங்கிய கொக்கு, ஒருத்தரையும் விடவில்லை. ஒரே மூச்சில் ஏசினேன். அன்றைக்கு ஹெலி கூட வரவில்லை. எல்லாரும் எல்லாவற்றையும் கொண்டுவந்து, எடுத்த இடத்தில் வைத்தார்கள். கொழும்பில் அதை வெள்ள நிவாரணக் கதை என்று நினைத்து அப்படியே விட்டார்கள்.

அது ஒளிபரப்பான நேரம் சமாதானம் முடிந்துவிட்டது. வாவிக்கு அங்காலிருந்து சனம் சட்டிபானையோடு வந்து பள்ளிக்கூடங்களில் நிறைந்திருந்தது. ரமணனின் ஆட்கள் ஜெனரேற்றரை லொறியில் ஏற்றிப்போய்விட்டார்கள். நாங்கள் சோற்றுப் பார்சல் கொண்டுபோன பள்ளிக்கூடத்தில் ஒரு ரீவி இருந்தது. மல்லிகா மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். செக்பொயின்ற்றில் கேட்டதைப் பிள்ளைக்குச் சொல்லவில்லை, என்னையும் சொல்லவிடவில்லை. கொக்கு கதவைத் தலையில் சுமந்து வந்து மாட்டியது. ஜம்பு மரம் மறுபடியும் நிமிர்ந்தது. கைதட்டல். பிள்ளை எழும்பி ரீவிக்குப் பக்கத்தில் போய் நின்று, அவ்வளவு சனத்துக்கும் கேட்க, "அது எங்கட வீடு!" என்றாள். மல்லிகா தலையைக் குனிந்துகொண்டாள். பாயில் குந்தியிருந்த ஒருத்தி, அன்று காலையில்தான் வந்தவள், பார்சலைப் பிரிக்காமல் மடியில் வைத்தபடியே பிள்ளையைப் பார்த்துச் சொன்னாள்.

"நல்லாரிக்கி புள்ள. உங்கட வீடாவது நிக்கிதே."

ஆக, அந்த நாட்களில் எங்கள் வாவிக்கரையில் சொந்த வீட்டை எடுத்தவனைப் பார்த்து வாய்விட்டு ஏசும் பாக்கியம் கிடைத்தது ஒரேயொரு நண்டுக்குத்தான், அதற்கும் வெள்ளைக்காரன் காசு அனுப்ப வேண்டியிருந்தது.