மொட்டைத் தலைதான் சாட்சி

எங்கள் பேங்கின் மாதுங்கா கிளையில் கம்ப்ளெயின்ட் கவுண்டரில் எனக்கு அன்றுதான் முதல் நாள். முதல் ஆளாக வந்தவர் தாராவி இட்லிக்காரர் முத்து அண்ணாச்சி. சைக்கிள் ஹாரனை அமுக்கித் தெருவையே எழுப்புகிறவர், அன்று வந்ததும் கண் கலங்கிவிட்டார்.

“மேடம், எம்பேர்ல எவனோ லோன் எடுத்திருக்கான். வசூலுக்கு வந்தவனுவ சந்துல நின்னு கத்திட்டுப் போயிட்டானுவ. தேவ்நார் மாப்பிள்ள வீட்ல, ‘இது தீரட்டும், பொறவு நிச்சயத்தப் பாப்போம்’னுட்டாவ. மவ சாப்பிடாமக் கெடக்கா.”

லோன் கொடுத்தது ஏதோ ஒரு ஆப் கம்பெனி. எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று அனுப்பியிருக்கலாம். மனசு வரவில்லை.

“ஆதார் காப்பி யாருக்காவது கொடுத்தீங்களா அண்ணாச்சி?”

“யாருக்கும் குடுக்கல மேடம். கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போக டிக்கெட் போடணும்னாங்க. எங்க ஊர் வாட்ஸ்அப் குரூப்புல மட்டும் போட்டேன்.”

“குரூப்புல எத்தனை பேர்?”

“நம்ம ஆளுவதான். ஒரு இருநூறு பேர் இருப்பாவ.”

பான் கார்டையும் கூடவே போட்டிருந்தார். ஏன் என்று கேட்டால், “ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டும்னுதான்” என்றார். நல்லா இருந்தது போங்க!

சைபர் போலீஸில் புகார், கடன் கணக்குகளைப் பதிந்து வைக்கும் கிரெடிட் பீரோவில் மறுப்பு, கம்பெனிக்கு மெயில், எல்லாம் உட்கார்ந்து போட்டோம். கம்பெனி அசையவில்லை. லோன் கொடுத்த அன்று வெரிஃபிகேஷனுக்கு எடுத்த செல்ஃபியை அனுப்பியது. காதை மூடும் சுருட்டை முடியோடு எவனோ சிரித்துக்கொண்டிருந்தான். ஆளே வேறு என்று போனில் சொன்னால், “லுக் மாறியிருக்கும் மேடம்” என்றார் ஆபீசர். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

அண்ணாச்சி செல்ஃபியின் தேதியைப் பார்த்தார். “அன்னைக்கு நான் ஊர்லல்லா இருந்தேன்! மொத நாளே சாமிக்கு மொட்ட போட்டாச்சே!”

அதே குரூப்பில் தேதியோடு படம் கிடந்தது. சந்தனம் பூசிய பளபள தலை. அதையும் ரயில் டிக்கெட்டையும் அனுப்பினோம். ‘ஒரே நாளில் சுருட்டை முடி வளர்க்கும் எண்ணெய் எங்கே கிடைக்கும்?’ என்று கேட்டு எழுத ஆசைதான், அடக்கிக்கொண்டேன். அலையவிட்டு அலையவிட்டு, கடைசியில் லோனை ரத்து செய்தார்கள்.

ஆதார் கேட்டால் நம்பரை மறைத்த காப்பி, அதுவும் தேவைப்படுகிற ஒருவருக்கு மட்டும். அன்றிலிருந்து இதை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், யார் கேட்டார்கள்?

நிச்சயதார்த்தப் பந்தியில் எல்லார் போனும் சேர்ந்து சிணுங்கியது. அடுத்த கொடைக்கு டிக்கெட் போட ஆதார் அனுப்பச் சொல்லி அதே குரூப்பில் மெசேஜ். பாதிப் பந்தி போனை எடுத்துவிட்டது. அண்ணாச்சி சாம்பார் வாளியை டொம்மென்று வைத்தார்.

“ஏல, ஒருத்தனும் அனுப்பக் கூடாது! எல்லா மாப்பிள்ளையும் எம்மருமவன் மாதிரி காத்துக் கெடக்க மாட்டான்!”

மணப்பெண் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அவள் இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை.