அந்தப் பக்கத்து வேலி

துறைமுகச் சாலையில், எங்கள் வீட்டை அடுத்த காலிமனையில் கம்பிவலை அடிக்கக் கல் ஊன்றுகிறார்கள். கடப்பாறை தரையில் இறங்கும் சத்தம் கேட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். அந்த மனைக்குள் ஒரு மயில், பறக்கத் தெரியாத குஞ்சுகளோடு திரிகிறது.

சின்ன வயதில், வல்லநாட்டுப் பக்கம் எங்கள் ஊர் உடைமரக் காட்டை நிலமில்லாதவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். எங்களுக்கும் கிடைத்தது. முதல் சொந்த நிலம். அம்மா மண்ணை மடியில் அள்ளிக்கொண்டாள். காடெங்கும் கடப்பாறைச் சத்தம், வெட்டிய பச்சை முள்ளின் வாசனை. ஆளாளுக்கு முள்வேலி அடைத்தார்கள்.

அடைத்து முடித்த சாயங்காலம், குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வந்த வெளிமான்கள் வேலியோரமாகவே அங்குமிங்கும் ஓடின.

"ஏங்க, அதுக தாகத்தோட நிக்கு. நம்ம வேலியப் பிரிச்சி விடுங்க" என்றாள் அம்மா.

அப்பா பிரித்தார். மான்கள் எங்கள் நிலத்துக்குள் பாய்ந்தன. எதிரே அடுத்தவர் வேலி. வந்த வழி தெரியாமல் முள்ளில் போய்ப் போய் மோதின.

"அய்யோ, உள்ள விட்டுக் கொல்லுதோமே!" என்று அம்மா அலறினாள்.

இப்போது பக்கத்து மனையில் கடப்பாறைச் சத்தம் நிற்கவில்லை. இறங்கிப் போய்க் கல் ஊன்றுகிறவரிடம் கேட்டேன்: "அண்ணாச்சி, மயில் போக அந்தப் பக்கம் வழி இருக்கா?"

"அத நேத்தே அடைச்சாச்சே" என்றார்.