இன்னும் படம் தெரியலை

எங்கள் வீட்டுக்கு டி.வி. வந்ததற்குக் காரணம் ஒரு பேரிக்காய் மரம். கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டியில், பக்கத்துத் தோட்டத்து மரத்தில் ஏறிய தம்பி, காயோடு சேர்ந்து தானும் விழுந்தான். தொடை எலும்பு முறிந்தது. மாவுக்கட்டோடு அசையாமல் கிடக்க வேண்டும் என்றார்கள். எட்டு வயதுப் பையனை அசையாமல் வைக்க, வத்தலக்குண்டுக்குக் காய்கறி லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டியை வாங்கி வந்தார். கொடைக்கானலில் அப்போது ஒளிபரப்புக் கோபுரம் எழும்பவில்லை. மலை உயரத்தின் தயவால் இலங்கை நிகழ்ச்சிகள் மட்டும், புரிந்தும் புரியாமலும், எங்கள் வீட்டில் ஓடின.

டி.வி. என்கிற அந்த மருந்து நன்றாக வேலை செய்தது. நிறுத்த முடியாததுதான் சிக்கல். கட்டைப் பிரித்த பிறகும் தம்பி பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை. தினமும் நடக்காவிட்டால் கால் சூம்பிப்போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கெஞ்சியும் மிரட்டியும் பார்த்தாயிற்று. "வலிக்குதும்மா" என்பான். கண் மட்டும் திரையில் இருக்கும்.

அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். நூல் சிக்கினால் அறுக்கமாட்டாள், பிரித்துத்தான் எடுப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தகரக் கூரை ஆடுகிறது என்று சொல்லி, ஆன்டெனாவைக் கழற்றி வீட்டுக்குப் பின்னாலிருந்த மேட்டின் உச்சியில் நடச் சொன்னாள். அப்பா நீளமாக ஒயர் இழுத்து நட்டார்.

மறுநாள் சாயங்காலம் திரை முழுக்கப் புள்ளி. காற்றில் கம்பம் திரும்பிவிட்டது என்றாள் அம்மா. நான் ஓடப்போனேன். பின்னலைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ ஒஞ் சோலியப் பாரு. அவன் பாக்குற படம், அவனே போய்த் திருப்பட்டும்."

தம்பி வெகுநேரம் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அழுதுகொண்டே ஊன்றுகோலை எடுத்தான். பத்தடிக்கு ஒருதரம் உட்கார்ந்தான். ஒவ்வொரு தரமும், கதவைப் பற்றியிருந்த அம்மாவின் விரல்கள் வெளுத்தன. குரல் மட்டும் அசையவில்லை.

"வலிச்சா உக்காருய்யா. உக்காந்துட்டு எந்திரி."

உச்சிக்குப் போய்க் கம்பத்தைத் திருப்பினான். படம் பளிச்சென்று வந்தது.

"தெரியுதா?" என்று மேலிருந்து கத்தினான்.

"இன்னும் தெரியலை. இன்னும் கொஞ்சம் திருப்பு" என்றாள் அம்மா, படத்தைப் பார்த்துக்கொண்டே.

நான் திரையைத் தொட்டுக் காட்டினேன். "நல்லாத் தெரியுதேம்மா!"

"ஒனக்குத் தெரியுது. எனக்குத் தெரியலை."

அன்றிலிருந்து தினமும் காற்று அடித்தது. இலை அசையாத நாளிலும் எங்கள் கம்பம் மட்டும் திரும்பியிருந்தது. மூடுபனியிலும் ஊசியில் நூல் கோக்கிற அம்மாவுக்கு டி.வி. மட்டும் தெரியவில்லை. பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று முடிவுசெய்து அப்பாவிடம் சொன்னேன். "அடடா, வத்தலக்குண்டுல கண்ணு டாக்டர் இருக்காரு, கூட்டிட்டுப் போயிருவோம்" என்றார் முகத்தைச் சுருக்கி. உள்ளே போய் அவரும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தது எனக்குக் கேட்டது. கண் போகிற வீட்டில் இப்படியா சிரிப்பார்கள்?

மேட்டின் உச்சியில், தைல மரங்களுக்கு நடுவே, தெருப் பிள்ளைகள் பந்து விளையாடும் சமதரை இருந்தது. கம்பத்தோடு மல்லுக்கட்டும் தம்பியை முதலில் வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் ஒருவன், "ஏலே, சும்மாதான நிக்க? பந்து அங்கனதான் கெடக்கு, எடுத்துப் போடு" என்றான். தம்பி எடுத்துப் போட்டான். அடுத்த வாரம் எங்கள் கம்பத்தையே ஒரு பக்கத்து கோல் கம்பமாக்கி, அதைப் பிடித்தபடி கோல் காத்தான்.

ஒருநாள் படம் கண்ணாடிபோல விழுந்தது. அம்மா வழக்கம்போல, "இன்னும் தெரியலை!" என்று கூவினாள். பதில் இல்லை. மறுபடி கூவினாள். பின்வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். ஊன்றுகோல் புல்லில் கிடந்தது. சரிவில் உருண்ட பந்துக்குப் பின்னால், சற்றே நொண்டியபடி, தம்பி ஓடிக்கொண்டிருந்தான்.

அம்மா என் பின்னால் வந்து நின்றாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. இனிமேல் கம்பத்தை யார் திருப்புவார்கள் என்றுதான் அழுகிறாள் என நினைத்தேன்.

"அழாதம்மா, நான் போய்த் திருப்புறேன்."

அவள் அழுகையோடே சிரித்தாள். உள்ளே போய், படம் ஓடும்போதே குமிழைத் திருகி அணைத்தாள்.

"நீயும் வெரசாப் போ. வெளிச்சம் இருக்கையிலேயே வெளையாடு."

போட்டிக்கு ஆள் இல்லாமல் பெட்டி முழுசாக எனக்கே கிடைத்த முதல் நாள் அது. உதட்டைக் கடித்துக்கொண்டு மேட்டில் ஏறினேன். சொன்ன வேலையை விட்டுவிட்டு விளையாடப் போனவன் தம்பி; தண்டனை எனக்கு. அம்மாவிடம் நியாயமே இல்லை என்பது அன்றைக்கு எனக்குச் சந்தேகமில்லாமல் புரிந்தது.