நீல் தீவுக்குப் போன மூன்று சகோதரிகள்

ராபர்ட்சன்பேட்டையில் சொந்தமாக டிராவல்ஸ் திறந்த முதல் வாரம். நான் போட்டுக் கொடுத்த அந்தமான் டூர் பிளானை ஒரு கஸ்டமர் மடித்து என் மேஜை மேலேயே வைத்துவிட்டார்.

"இன்னாம்மா இது? காலைல ஆறு மணிக்கு ஒரு இடம், எட்டு மணிக்கு ஒரு இடம். இது டூரா, டூட்டியா?"

கேட்டவர் நூர்ஜஹான். ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். எங்கள் ஊரில் எல்லோருக்கும் அவர் 'சிஸ்டர்'தான்.

எனக்குச் சுருக்கென்றது. தினமும் ரயிலில் பெங்களூருக்குப் போய் வந்து, இருபத்திரண்டு வருஷம் ஒரு டிராவல் கம்பெனியில் வேலை பார்த்தவள் நான். ஒரு நாளைக்குச் சுற்றிப் பார்க்க அஞ்சு பாயிண்ட் இல்லையென்றால் கஸ்டமர் ஏமாந்துவிட்டதாக நினைப்பான் என்று அங்கே மேனேஜர் சொல்லிக் கொடுத்திருந்தார். அதை அப்படியே செய்திருந்தேன்.

"சரி சிஸ்டர், உங்களுக்கு இன்னா வேணும், சொல்லுங்க."

"அக்கா தங்கச்சி நாங்க மூணு பேருதான் போறோம். வீட்டுக்காரரு, புள்ளைங்க யாரும் வர்ல. கடலோரமா நல்லா மரம் இருக்கணும். நிம்மதியா தொழணும். ஹலாலா சாப்பிடணும். தண்ணில இறங்குனா ஆம்பளைங்க வேடிக்கை பாக்கக் கூடாது. மிச்ச நேரம் சும்மா உக்காந்துகினு இருக்கணும். அவ்ளோதான்."

எழுதிக்கொண்டேன். 'சும்மா உட்கார வேண்டும்' என்று ஒரு கஸ்டமர் கேட்டு நான் எழுதியது அதுதான் முதல் தடவை.

'ஹலால் இருக்கு மேடம்'

நீல் தீவைத் தேர்ந்தெடுத்தேன். போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் போகவேண்டிய சின்னத் தீவு. வயலும் தோப்பும், ஆழமில்லாத கடலும். தங்குமிடங்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டேன். ஹலால் சாப்பாடு உண்டா என்றால் எல்லா இடத்திலும் ஒரே பதில்: "இருக்கு மேடம்."

சந்தோஷமாக நூர்ஜஹானிடம் சொன்னேன். அவர் மசியவில்லை.

"இருக்குன்னா பத்தாதும்மா. கோழி யார்கிட்ட வாங்குறாங்க? பன்னிக்கறி வறுத்த சட்டியிலயே நமக்கும் வறுப்பாங்களா? அதக் கேளு."

கேட்டேன். பாதிப் பேர் போனையே வைத்துவிட்டார்கள். ஆறாவதாகப் பேசியவர் சேகர். ராமநாதபுரத்துக்காரர், பாக்குத் தோப்புக்குள் எட்டு மரக்குடில்கள் உள்ள ஓர் இடத்துக்கு மேனேஜர்.

"அக்கா, உண்மையச் சொல்லிடுறேன். கோழி போர்ட் பிளேர்ல இருந்து ஐஸ் பெட்டியில வருது. யார் அறுத்ததுன்னு எனக்குத் தெரியாது. மீன் மட்டும் எங்க கண்ணு முன்னாடி கரைக்கு வருது."

'தெரியாது' என்று சொன்ன ஒரே ஆள் அவர். அதனாலேயே நம்பினேன். மீனுக்கு அறுக்கிற பிரச்சினை இல்லை என்று நூர்ஜஹானும் சொன்னார். ஆகவே நான்கு நாளும் மீன், முட்டை, காய்கறி, தனிப் பாத்திரம். தொழும்போது முகம் திருப்பவேண்டிய கிப்லா திசை எந்தப் பக்கம், ஜன்னலுக்குக் கனமான திரை உண்டா, கரையில் எப்போது ஆள் இருக்காது, எல்லாவற்றையும் கேட்டுக் குறித்தேன். விடிந்த கையோடு போனால் கடற்கரையில் யாருமே இருக்க மாட்டார்கள் என்றார் சேகர். டிக்கெட் போட்டுவிட்டேன்.

ஆறு நாள் முன்பு வந்த போன்

புறப்பட ஆறு நாள் இருக்கும்போது சேகர் கூப்பிட்டார். குரலே சரியில்லை.

"அக்கா, ஓனரு மீதிக் குடில எல்லாம் ஒரு கம்பெனி குரூப்புக்குக் குடுத்துட்டாரு. அவங்க ஆளே வந்து எங்க கிச்சன்ல சமைக்கப் போறாரு. பன்னிக்கறி மெனுவுல இருக்கு. உங்ககிட்ட மறைக்க மனசு வரல."

தீவில் அந்த வாரம் வேறு நல்ல இடம் காலியில்லை. எல்லா இடத்துக்கும் மறுபடி போன் போட்டுப் பார்த்துவிட்டேன். சொல்லாமலே அனுப்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை. அவர்களுக்கு எப்படித் தெரியப்போகிறது? அப்படி நினைத்ததே வெட்கமாக இருந்தது. கடையைச் சாத்திவிட்டு ஆட்டோ பிடித்து ஆண்டர்சன்பேட்டைக்குப் போனேன்.

மூத்த அக்கா ஜுபைதாவின் வீட்டில் மூவரும் இருந்தார்கள். கடலில் இறங்குவதற்கென்று கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடுகிற நீல உடைகளை மூன்று பேருக்கும் ஒரே மாதிரி தைத்து வாங்கியிருந்தார்கள். கடைசித் தங்கை ரெஹானா அதைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நீச்சலடித்துக் காட்ட, மற்ற இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் போய் விஷயத்தைச் சொன்னேன்.

சிரிப்பு நின்றது. ரெஹானாதான் முதலில் அக்காவிடம் பேசினார். "ஒரு ஸ்டவ் வாங்கிக்கலாம் ஆபா. நாமளே சமைச்சுக்கலாம்."

ஜுபைதா தங்கையைப் பார்த்தார். "நாப்பத்தஞ்சு வருஷமா அடுப்புகிட்ட நிக்கிறேன். கடல் தாண்டிப் போயும் அங்கியே நிக்கணுமா? நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் வர்ல."

அக்கா வராவிட்டால் மற்ற இருவரும் போக மாட்டார்கள். அங்கிருந்தே சேகருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். என்ன கேட்பது என்று தெரியாமல், "நீங்க எல்லாம் எங்க சாப்பிடுறீங்க சேகர்?" என்று கேட்டேன்.

"நாங்களா? தோப்புக்குப் பின்னாடி ஸ்டாஃப் ஷெட்டுல, அக்கா. மாலான்னு ஒரு பெங்காலி அம்மா சமைக்கிறாங்க. சோறு, பருப்பு, மீனு. அந்த அடுப்புல கறியே ஏறினதில்ல."

"அதையே இவங்களுக்கும் போட முடியுமா?"

"ஸ்டாஃப் சாப்பாட்டப் போயி கெஸ்டுக்கு எப்படிக்கா..."

ஜுபைதா போன் பக்கம் குனிந்தார். "தம்பி, சோறு சூடா இருக்குமா?"

"சூடா இருக்கும்மா."

"தட்ட யார் கழுவுவாங்க?"

"நாங்க கழுவுவோம்மா."

"அப்ப நான் வரேன்."

மூவரும் மறுபடி சிரிக்க ஆரம்பித்தார்கள். ஜுபைதா என் பக்கம் திரும்பினார். "நீயும் வா. சொன்னதுல ஒண்ணு தப்புனாலும் உன்ன அங்கியே பிடிச்சுக்கலாம்."

எத்தனையோ பேரைத் தீவுகளுக்கு அனுப்பிய நான் ஒரு தீவையும் பார்த்ததில்லை. எனக்கும் ஒரு டிக்கெட் போட்டேன்.

கரையில்

முதல் நாள் காலை. சகோதரிகள் விடிகாலை பஜ்ர் தொழுகையை முடித்ததும், பாக்குத் தோப்பு வழியாக நால்வரும் நடந்தோம். சேகர் சொன்னபடி கரையில் ஒருவரும் இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி. பாதத்துக்கு அடியில் மணல் தெரிந்தது.

ஜுபைதா பிஸ்மில்லாஹ் சொல்லி முழங்கால் அளவுக்கு இறங்கினார். ஒரு சின்ன அலை வந்து அவரை மெதுவாகத் தண்ணீரிலேயே உட்கார வைத்தது. ஓடினோம். அவர் எழுந்திருக்க மறுத்து அப்படியே உட்கார்ந்து சிரித்தார். ரெஹானாவை மல்லாக்கப் படுக்க வைத்து, முதுகுக்கடியில் கை கொடுத்துத் தாங்கினார் நூர்ஜஹான். "மூச்ச நல்லா இழு. பயப்படாத, நான் கைய எடுக்க மாட்டேன்" என்றார், வார்டில் பேசுவது போலவே. நான் டவல்களோடு நின்றிருந்தேன். ஜுபைதா என் கையைப் பிடித்து இழுத்தார். புடவை பலூன் மாதிரி உப்ப, நானும் கழுத்துவரை கடலில் இருந்தேன்.

மாலா வைத்த கடுகு அரைத்த மீன் குழம்பை மூவரும் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். எப்படிச் செய்வது என்று சொல்லித்தர மாலா வந்தபோது ஜுபைதா காதைப் பொத்திக்கொண்டார். "வேணாம்மா. கத்துகினா வீட்ல நான்தான் செய்யணும்."

இரண்டாம் நாள் கம்பெனி குரூப்பிலிருந்து இரண்டு பெண்கள் வாசனை பிடித்து ஷெட்டுக்கே வந்துவிட்டார்கள். எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. பையில் ஒளித்து வைத்திருந்த பட்டியலை எடுத்தேன்: கண்ணாடிப் படகு, பாறைப் பாலம், சூரிய அஸ்தமனம் பார்க்கும் இடம். மூவரும் மரத்தடியில் கால் நீட்டிப் படுத்திருந்தார்கள். நூர்ஜஹான் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "நாங்க எதையும் பாக்கலன்னு உனக்குக் கவலையா?"

"ஆமா சிஸ்டர்."

"படு."

படுத்தேன். தூங்கிவிட்டேன்.

திரும்பும் நாள், கப்பல் துறையில் ஜுபைதா கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாலு நாளா யாரும் என்னை 'சாப்பாடு ரெடியா'ன்னு கேக்கல."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். 'இருக்கு மேடம்' என்றால் இன்னொரு கேள்வி கேளுங்கள். கெட்ட செய்தியை அன்றைக்கே நேரில் போய்ச் சொல்லுங்கள். இப்போதெல்லாம் என் மேஜைக்கு யார் வந்தாலும், ஊர் பெயரைப் பேசுவதற்கு முன்னால், வீட்டில் தினமும் எந்த வேலை செய்து அலுத்துப்போனீர்கள் என்று கேட்கிறேன். பதில் சொல்லத் தொடங்கும்போதே பலருக்கும் முகம் மலர்ந்துவிடுகிறது.