சுரங்கத்துக்குப் போகாத வாரம்

விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதும்போது மியூவான் என்ற நுண்துகள்கள் பிறக்கின்றன. அவை கூரையையும் நம்மையும் துளைத்துக்கொண்டு பூமிக்குள் இறங்கும். அடர்த்தியான தாது குறுக்கிட்டால் அந்தத் திசையில் அவற்றின் எண்ணிக்கை குறையும். சுரங்கத்துக்குள் கருவி வைத்து எங்கள் குழு அவற்றை எண்ணும். எங்கே குறைகிறது என்று கணினியில் பார்ப்பது என் வேலை. இயற்பியல் படித்த நான், வரிச்சிக்குடியில் கணவர் வீட்டு மாடியில், தொட்டிலை ஆட்டிக்கொண்டே அதைச் செய்துவந்தேன்.

வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொன்னார்கள். ஆனால் புதிய கருவியை வைக்கும்போது ஒரு வாரம் நானும் சுரங்கத்தில் இருக்க வேண்டும். குழந்தைக்குப் பாலை மறக்கடித்தாயிற்று. "அம்மாகிட்ட நான் பக்குவமா சொல்றேன்" என்றார் கணவர். அவருக்குத் துறைமுகத்தில் ஷிப்டு. அந்தப் பக்குவம் வருவதற்குள் தெரு மாரியம்மனுக்குக் காப்புக் கட்டும் நாள் வந்துவிட்டது.

முன்பு குழந்தைக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது, என் கையில் காப்புக் கட்டுவதாக அத்தை வேண்டிக்கொண்டாராம். கோயிலில்தான் எனக்குத் தெரிந்தது. "கையை நீட்டும்மா" என்றார். பூசாரி காத்திருந்தார், பின்னால் வரிசை. நீட்டினேன். காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை வெளியூரில் இரவு தங்கக் கூடாது. அதற்கு முன்பே எனக்கு ரயில்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்.

"அப்படி என்னம்மா வேலை அது?"

விளக்கினேன்.

"அப்ப அது புள்ள மேலயும் விழுதா?"

"இப்பக்கூட விழுது அத்தை. ஒண்ணும் பண்ணாது."

சட்டென்று முந்தானையால் குழந்தையின் தலையை மூடினார். கணவர் சிரித்துவிட்டார்.

"சிரிக்காதடா. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? முன்னாடியே சொல்லியிருந்தா என் கையில கட்டியிருப்பேன்ல."

"கழட்டிட்டுப் போகட்டும்மா. குழந்தையை நான் பாத்துக்கறேன்."

அத்தை என் பக்கம் திரும்பி, "உன் இஷ்டம்மா" என்றார்.

தடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேனோ என்னவோ. யாரும் தடுக்கவில்லை. கயிற்றுக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் கீழே இருக்கும்போது காய்ச்சல் வந்துவிட்டால், தொடர்பில்லை என்று அப்போதும் நம்புவேனா? மியூவான் இறங்கும் ஆழத்துக்கு போன் சிக்னல் இறங்காது. கயிற்றின் முடிச்சை இரண்டு முறை தொட்டேன். பிறகு வர இயலவில்லை என்று குழுத் தலைவருக்கு எழுதினேன். "பரவாயில்லைங்க, வேற ஆளை அனுப்பறோம்" என்று பதில் வந்தது. நிரந்தர வேலையும் போனவருக்கே கிடைத்தது.

அந்த வாரம் முழுக்கக் குழந்தையின் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஒருநாள்கூடச் சூடு இல்லை. சுரங்கத்திலிருந்து முதல் எண்கள் வந்தன. கருவி ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது அவற்றிலேயே தெரிந்தது. பக்கத்தில் இருந்தால் கையால் நிமிர்த்திவிடலாம். நான் மாடியில் உட்கார்ந்து, அந்தச் சாய்வைக் கணக்கில் திருத்திக்கொண்டிருந்தேன்.