தொடை மடிப்புக்கு மேலே ஒரு வழி

தக்காளிப் பெட்டியை வண்டியில் ஏற்றிய அன்று வலது தொடை மடிப்பில் நெல்லிக்காய் அளவு ஒரு வீக்கம் வந்தது. எங்கள் பக்கம் அந்த இடம் வீங்கினால் நெறி கட்டியிருக்கிறது என்பார்கள். காலில் எங்காவது புண் இருக்கும், அது ஆறினால் இதுவும் வற்றிவிடும். நானும் இரண்டு பாதங்களையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. எப்போதோ முள் குத்திய தழும்பு ஒன்று அகப்பட்டது. அதற்கு மஞ்சள் பூசி, வீக்கத்துக்கு உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டேன். படுத்தால் வீக்கம் மறைந்தது. எழுந்தால் வந்தது.

"நெறி என்ன, நீங்க எந்திரிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமாங்க?" என்றாள் என் மனைவி. மறுநாளே தர்மபுரிக்கு பஸ் ஏற்றிவிட்டாள். கூடவே அவளும் ஏறினாள்.

டாக்டர் ஒரு பெண். நிற்கவைத்து இருமச் சொன்னார். வெட்கத்தில் இருமல்கூட வரவில்லை. பிறகு படம் போட்டுக் காட்டினார். தொடை மடிப்புக்குச் சற்று மேலே, வயிற்றுச் சதைக்குள், சுண்டுவிரல் நீளத்தில் சாய்வாக ஒரு வழி இருக்கிறதாம். தாய் வயிற்றில் இருக்கும்போது விரை மேலே இருக்குமாம். இந்த வழியாகத்தான் கீழே இறங்குமாம். விந்துக்குழாய் இன்றும் அதில்தான் போகிறது. சதை தளர்ந்ததால் குடல் அதற்குள் நுழைந்திருக்கிறது. சிக்கிக்கொண்டால் ஆபத்து, ஆபரேசன் செய்துவிடலாம் என்றார்.

எங்களுக்கு அப்போது பெண் குழந்தை ஒன்றுதான். விந்துக்குழாய் என்றதிலிருந்து எனக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னொரு கொழந்தைக்கு ஒண்ணும் தடையில்லீங்களே மேடம்? இவரு அதத்தான் கேக்க வந்தாரு, வெக்கப்படறாரு."

டாக்டர் சிரிக்காமல் சொன்னார்: "குழாய மெதுவா ஒதுக்கி வெச்சுட்டு, அது போக இடம் விட்டுத்தான் தளர்ந்த எடத்துல வலை மாதிரி துணி வெச்சுத் தைப்போம். குழந்தைக்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாதுங்க."

அந்தப் பெரும்பாலும் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, ஆபரேசன் முடிந்த பிறகும் ஒரு வருடம் கவலைப்பட்டேன்.

இப்போது மகனுக்கு மூன்று மாதம். பிறந்த பிள்ளைகளுக்கும் அந்த வழி மூடாமல் போவதுண்டு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவன் அழும்போதெல்லாம் துணியை விலக்கித் தொடை மடிப்பைப் பார்க்கிறேன்.

"அவன் பசிக்கு அழுவறானுங்க," என்கிறாள். "பாத்தது போதும், இப்படிக் குடுங்க."