கண்டன்சர் மோட்டாரும் அண்ணனின் கம்ப்யூட்டரும்

நேற்று போன் சார்ஜரைத் தொட்டால் கை சுட்டது. சூடேறிய பிளாஸ்டிக் வாசனை. மோந்ததும் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது, கூடவே பழைய வயிற்றெரிச்சலும். சொல்கிறேன், கேளுங்கள்.

அண்ணன் பெங்களூரில் யாரிடமோ பழசாக வாங்கி வந்த கம்ப்யூட்டர் அது. பெரிதாக ஒன்றும் நினைத்துவிடாதீர்கள். சிலேட்டு அளவில் ஒரு கறுப்பு டப்பா, அதன்மேல் அழிரப்பர் மாதிரி பட்டன்கள், அவ்வளவுதான். வீட்டு டிவியில் சொருகினால் எழுத்து தெரியும், கொஞ்ச நேரத்தில் சூடேறிப் பிளாஸ்டிக் வாசனை அடிக்கும். அடித்ததைப் பாட்டுக் கேசட்டில்தான் பதிய வேண்டும். "அப்ப இதுல பாட்டு வருமாண்ணா?" என்று கேட்டு ஒரு குட்டு வாங்கினேன்.

ஓசூரில் ஒரு கம்பெனி மேனேஜர், ஆட்களுக்கு ஷிப்ட் பிரிக்கிற புரோகிராம் செய்து காட்டினால் வேலை என்று சொல்லியிருந்தார். திங்கட்கிழமை காட்ட வேண்டும். தாளில் எழுதி வைத்ததை நான் வாசிப்பேன், அண்ணன் அடிப்பான்.

எங்களுக்கு எமன் பக்கத்துத் தக்காளிக் காட்டில் இருந்தார். எங்கள் பெரியப்பா. அப்போதெல்லாம் மோட்டார் ஓடத் தேவையான த்ரீ பேஸ் கரண்ட் கொஞ்ச நேரம்தான் வரும். அது போனதும் மோட்டாருக்குக் கண்டன்சர் என்று ஒரு குப்பியை மாட்டி, வீட்டுக்கு வருகிற கரண்டையே இழுத்துத் தண்ணீர் இறைப்பார்கள். தப்புதான், ஊரே செய்த தப்பு. பெரியப்பா மோட்டாரைப் போட்டால் எங்கள் வீட்டுப் பல்பு சிவந்து சுருங்கும், டிவி கண்ணை மூடும், கம்ப்யூட்டர் அடித்ததையெல்லாம் மறந்துவிடும். கேசட்டில் பதியலாமென்றால் வோல்டேஜ் இல்லாமல் டேப் இழுத்து இழுத்து ஓடும். பதிந்தது திரும்ப ஏறாது.

அண்ணன் போய்க் கெஞ்சினான். "திங்கக்கெழம வரைக்கும் போடாதீங்க பெரியப்பா."

"தக்காளி தாங்குமாடா அதுவரைக்கும்?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

ஞாயிறு மத்தியானம் கடைசித் தாளில் இருந்தோம். பல்பு சிவந்தது. அடித்ததெல்லாம் போயே போச்சு. அண்ணன் எழுந்து பெரியப்பா காட்டுக்குப் போனான். பாவாடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். மோட்டார் ரூமில் பியூஸைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஒரு கல்லை எடுத்துக் கண்டன்சரைக் குத்து குத்தென்று குத்தி நசுக்கினான்.

வாய்க்காலில் தண்ணீர் நின்றதும் பெரியப்பா மண்வெட்டியோடு வந்தார். அண்ணன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அண்ணன் அவர் நெஞ்சில் எட்டி உதைத்தான். சேற்றில் மல்லாந்து விழுந்தார். எழுந்தவர் நேராக எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார். நாங்களும் பின்னாலேயே ஓடினோம்.

"எம்பயிரு காயுது, நீ வூட்ல குந்திக்கிட்டுப் பொட்டி தட்டுறியாடா?"

மண்வெட்டியைத் திருப்பி டிவியில் ஓங்கி ஒரு போடு. கண்ணாடி வெடித்து வீடெல்லாம் சிதறியது. அடுத்து டப்பாவுக்கு ஓங்கினார். "வேணாங்க பெரியப்பா" என்று அலறினேன். அண்ணன் பாய்ந்து டப்பாமேல் வலது கையை விரித்து வைத்தான். ஓங்கிய மண்வெட்டி நிற்கவில்லை.

டப்பா பிளந்து கிடந்தது. பட்டன் பட்டனாக ரத்தம். பெரியப்பா மண்வெட்டியை வீசிவிட்டுத் தன் துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டார். வாய் மட்டும் திட்டிக்கொண்டே இருந்தது. "சனியம் புடிச்சவனே, கைய ஏண்டா வெச்ச? கைய ஏண்டா வெச்ச?"

திங்கட்கிழமை அண்ணன் தர்மபுரி ஆஸ்பத்திரியில் கிடந்தான். அந்த விரல்கள் அப்புறம் மடங்கவே இல்லை.

இப்போது த்ரீ பேஸ் நாளெல்லாம் வருகிறது. பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். கிணற்றை மூடிவிட்டார்கள், தக்காளிக் காடு பிளாட்டாகிவிட்டது. கண்டன்சர் என்றால் என் மகளுக்கு என்னவென்றே தெரியாது. அண்ணன் பாப்பாரப்பட்டியில் மளிகைக் கடை வைத்து நன்றாகத்தான் இருக்கிறான். ஏடிஎம்முக்குப் போனால் மட்டும் கார்டை என் கையில் திணித்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொள்வான்.

"நீயே அடி பாப்பா."